மூன்றாம் டேங்கின் மூச்சு

விஜயதசமி அன்று மாலை செல்வகுமார் வாசற்படி ஏறியதுமே நாகவல்லிக்கு வாடை தெரிந்துவிட்டது.

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஒரு வருஷமாக இந்த வீட்டுக்குள் வராத வாடை. புளித்த கள்ளைப் போல மூக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் வாடை. அதை அவளுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறாள். போன வருஷம் திருவேற்காட்டு அம்மன் சந்நிதியில் இனிமேல் தொடமாட்டேன் என்று செல்வகுமார் கையில் கயிறு கட்டிக்கொண்டானே, அன்றைக்குத்தான் அது வீட்டை விட்டுப் போனது.

"இன்னாய்யா இது?"

"இன்னாது?"

"கிட்ட வா. ஊது."

ஊதினான். பொரியும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. கம்பெனியில் கொடுத்த பூஜைப் பிரசாதம். ஆனால் சட்டை? தோளைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். சட்டை முழுக்க அதே வாடை.

"ஏலக்காய மென்னுட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினியா?"

"ஐயோ, அம்மன் சத்தியமா இல்லம்மே! காலையிலேர்ந்து டேங்க் பக்கம் ஒரு மாதிரி வாடை அடிச்சுகினே கீது. சூப்பர்வைசர் கோதண்டம் சாராண்ட கூடச் சொன்னேன். ஒரு நாள் நிறுத்தி வெச்ச மிஷின் அப்படித்தான்யா இருக்கும்னுட்டாரு."

"ஓகோ. டேங்க் குடிச்சிட்டு வந்து உன் சட்டையில வாந்தி எடுத்துச்சா?"

செல்வகுமார் தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு விழித்தான். திருதிருவென்று நிற்கிற அந்த நிற்பும் அவளுக்குப் பழகியதுதான். பழைய நாட்களிலும் இப்படித்தான் நிற்பான்.

நாகவல்லி கத்தவில்லை. அழவும் இல்லை. முகப்பேரில் இருக்கும் அக்கா யுவராணிக்கு போன் போட்டு, "நாளைக்கு உன் ஊட்டுக்கு வந்துடறேன்க்கா" என்றாள்.

"நீயா வராதடி. பாதி வழியில மனசு மாறி எறங்கிடுவே. வேலை முடியற நேரத்துக்கு உங்க கம்பெனி கேட்டாண்ட நானே வந்து நிக்கறேன்" என்றாள் யுவராணி.

மறுபடி குடித்தால் அடுத்த நாள் இங்கே இருக்கமாட்டேன் என்று அம்மன் முன்னாலேயே சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லை அவனால் காப்பாற்ற முடியவில்லை. அவளால் முடியும்.

மறுநாள் காலை அவன் வண்டியில் ஏறாமல், துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனாள். திருமழிசை தொழிற்பேட்டை ஆயுத பூஜை முடிந்த அலுப்பில் கிடந்தது. ஒவ்வொரு கேட்டிலும் வாழைக்கன்றுகள் தலை சாய்ந்திருந்தன. உடைத்த பூசணிக்காய்கள் குங்குமச் சிவப்போடு சாலையில் நசுங்கிக் கிடக்க, லாரிகள் அவற்றின் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

அவர்கள் இருவருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். பேக்கரிகளில் மாவை உப்பவைக்கும் ஈஸ்ட் செய்யும் கம்பெனி. பின்பக்கக் கொட்டகையில் இரண்டு மாடி உயரத்துக்கு டேங்குகள். அதில் மொலாசஸ் என்ற கரும்புப் பாகும் தண்ணீரும் ஊற்றி ஈஸ்ட்டை வளர்ப்பார்கள். மூன்றாம் டேங்க் செல்வகுமாரின் பொறுப்பு. வளர்ந்ததைப் பிழிந்து, சோப்புக் கட்டி மாதிரி அழுத்தி முன்பக்க ஹாலுக்கு அனுப்புவார்கள். அதற்கு மெழுகுத்தாள் சுற்றுவது நாகவல்லியும் மற்றப் பெண்களும். வருஷக்கணக்கில் சுற்றியிருக்கிறாள். கையில் குளிரும், லேசாகப் பொடியும் ஒரு சரக்கு. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். பாட்டில். செல்வகுமார் எங்கெல்லாம் ஒளித்து வைப்பான் என்பது அவளுக்கு மனப்பாடம். அரிசி டிரம்முக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்கு மேலே, செருப்பு ரேக்குக்கு அடியில். அதைக் கையில் பிடித்துவிட்டால், போகும்போது திரும்பிப் பார்க்கவேண்டியிருக்காது.

டேங்க் ஹாலுக்குள் பேக்கிங் பெண்கள் வருவது பூஜை நாளில் மட்டும்தான். பொட்டு வைத்து அலங்கரிக்க அவரவருக்கு ஒரு மிஷினைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். முந்தாநாள் மூன்றாம் டேங்கின் புளோயரை, அதாவது காற்று அனுப்பும் மிஷினை, நாகவல்லி கேட்டு வாங்கிக்கொண்டாள். புருஷன் குடியை விட்டு ஒரு வருஷம் ஓடியதற்கு நன்றிக்கடனாக மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சந்தனம் கரைத்தாள். தன் கைக்காசில் ஒரு சிவப்புத் துணிகூட வாங்கி வந்திருந்தாள். அந்த மிஷினைப் பார்க்கவே இப்போது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

குழாய்களுக்குப் பின்னால் கையை விட்டாள். வாளியைக் கவிழ்த்தாள். மூட்டைகளை நகர்த்தினாள்.

"இன்னா தேடற?" மேலே இரும்பு மேடையிலிருந்து செல்வகுமாரின் குரல்.

"எங்க வெச்சிருக்கே?"

"எத?"

"பாட்டில."

செல்வகுமார் ஏணிப் பக்கம் நகர்ந்து வழி விட்டான். பிறகு, "மேல வா. காட்டறேன்" என்றான்.

இரும்பு ஏணியில் ஏறினாள். டேங்கின் தலையில் ஒரு வட்ட மூடி இருந்தது. அவன் அதைத் திருகித் திறந்து விலகிக்கொண்டான். "மூந்து பாரு."

குனிந்தாள். அடுத்த நொடி முகத்தில் அறை வாங்கியவள் போல நிமிர்ந்தாள்.

அதே வாடை. நேற்றுச் சட்டையில் இருந்தது இதில் ஒரு துளி. இங்கே இரண்டு மாடி உயரத்துக்கு அதுவே நின்றுகொண்டிருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் நுரை சோம்பலாகப் பொங்கி, உடைந்து, மறுபடி பொங்கியது.

"யோவ்... இதுல யாரு சாராயத்த ஊத்தினது?"

"ஊத்தலம்மே. அதுவா வந்துகீது. எப்படின்னு எனக்கும் புரியல. நேத்து பூரா இது மேலயே நின்னுகினு இருந்தேன், சட்டையில ஏறிக்கிச்சு."

"நீங்க ஊத்தலண்ணா, அதுங்களே காய்ச்சியிருக்கு" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. லேப் பொறுப்பில் இருக்கும் பவித்ரா. விஜயதசமிக்கு லீவு போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையில் டேங்க் தண்ணீர் பிடித்த ஒரு குப்பி. "ரெண்டு பேரும் கொஞ்சம் லேப்புக்கு வாங்க. எனக்கே பயமா இருக்கு."

லேப்பில் பவித்ரா மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு நாகவல்லிக்கு இடம் விட்டாள். "பாருங்கக்கா."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மங்கல் விலகியது. வெளிச்சத்துக்குள் முட்டை முட்டையாக, கண்ணாடி மணிகளைக் கொட்டிவிட்ட மாதிரி என்னென்னவோ மிதந்தன. எல்லாம் தனித்தனியாக இருந்தன.

"இன்னா மேடம் இதெல்லாம்?"

"ஈஸ்ட். நீங்க தினமும் பேப்பர் சுத்தறீங்களே, அதுதான். ஒவ்வொண்ணும் ஒரு உயிர்."

நாகவல்லி தலையைத் தூக்கினாள். "உயிரா? நான் சுத்தற கட்டியா?"

"ஆமா. இந்த ஒரு சொட்டுல மெட்ராஸ் ஜனத்தைவிட அதிகம் பேர் இருக்காங்க."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். எத்தனை கட்டிகளை அழுத்தியிருக்கும் இந்தக் கைகள்! எத்தனை மெட்ராஸ்களை மடித்துப் பெட்டியில் அடுக்கியிருக்கும்!

"நல்லா இருந்தா ஒவ்வொண்ணு மேலயும் சின்ன மொட்டு முளைச்சிருக்கும்" என்றாள் பவித்ரா. "அந்த மொட்டு பெருத்துப் பிரிஞ்சு இன்னொரு உயிராயிடும். இப்போ மொட்டே இல்லை. அதுங்களுக்கு மூச்சு முட்டுதுக்கா. காத்து போதுமான அளவு போகலை."

"மூச்சு முட்டினா செத்துப் பூடுமே?"

"அதுதான் ஆச்சரியம். நாம செத்துடுவோம். இதுங்க சாகாது. காத்து கிடைச்சா, தின்ன சர்க்கரைய முழுசா எரிச்சு உடம்பு வளக்கும், குட்டி போடும். காத்து கிடைக்கலைன்னா வளர்றதை நிறுத்திட்டு, சர்க்கரைய அரைகுறையா உடைச்சு உயிரை மட்டும் பிடிச்சு வெச்சுக்கும். அந்த அரைகுறையில மிஞ்சறதுதான் சாராயம்."

நாகவல்லிக்குப் புல்லரித்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரே அந்த டேங்குக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு, ஆனாலும் சாகமாட்டேன் என்று நேற்று முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதன் திணறல்தான் அவள் வீட்டு வாசற்படி வரைக்கும் வந்திருக்கிறது.

"காத்து ஏன் போகாது மேடம்? புளோயர் ஓடற சத்தம் கேக்குதே" என்றான் செல்வகுமார்.

"கேஜ் என்ன காட்டுதுண்ணா?"

செல்வகுமார் தலையைச் சொறிந்தான். "அது... கேஜ் தெரியாது மேடம்."

"தெரியாதுன்னா?"

மூவரும் புளோயரிடம் போனார்கள். காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டக் கண்ணாடி முழுக்கச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பெரிய, அழகான, வட்டமான பொட்டு. காய்ந்து கெட்டியாகிப் பாளம் போல ஒட்டியிருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"இதைத் துடைச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"பூஜை பொட்டு மேடம். தானா உதிரணும், யாரும் கை வெச்சு அழிக்கக் கூடாதுன்னு கோதண்டம் சாரு சொல்லிட்டாரு. இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாளா அதான் வழக்கம். பொட்ட அழிச்சா நல்லதா?"

பவித்ரா கையை நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. படித்த பெண்தான். ஆனாலும் பொட்டு.

நாகவல்லி அந்தச் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவளுடைய விரல். அவள் வைத்த பொட்டு.

புருஷனை விட்டுப் போகப் பையோடு வந்த நாளில் ஒரு பொட்டை அழிப்பதா? அம்மா இருந்தால் கையை முறித்திருப்பாள். கூடவே டேங்கும் கண்முன் வந்தது. உள்ளே திணறிக்கொண்டிருக்கும் அத்தனை கோடி. அவை அவளுடைய பூஜையைக் கேட்கவில்லை.

"அம்மா தாயே, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். சந்தனம் வழிந்தது. முள் தெரிந்தது. ஏறக்குறையப் பூஜ்யத்தில், படுத்த படுக்கையாக.

"காத்தே வரலை! இது எங்கேர்ந்து காத்தை இழுக்குதுண்ணா?" என்றாள் பவித்ரா.

செல்வகுமார் வாயைத் திறப்பதற்குள் நாகவல்லி ஓடிவிட்டாள். எங்கே என்று அவளுக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால், மதில் ஓரமாகச் சதுரமாக ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் வலை. முந்தாநாள் அது அவளுக்கு அம்மன் முகம் மாதிரியே தெரிந்தது. அதனால்தான் வலை முழுக்கச் சந்தனம் அப்பினாள். கீழே பாவாடை மாதிரி சிவப்புத் துணியைக் கட்டினாள். அன்றைக்கு மிஷின்களுக்கு ஓய்வு. துணி காற்றில் லேசாக ஆடி அழகாக இருந்தது.

இப்போது அது ஆடவில்லை. பாவாடை மேலே எழும்பி, வலையோடு வலையாக, தோல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ வாய் வைத்து உறிஞ்சுவதுபோல நடுவில் குழி விழுந்து துடித்துக்கொண்டிருந்தது.

மூச்சுக்குத் தவிக்கும் வாய். அதன் மேல் துணியைப் போட்டு மூடியது அவள் கை.

பின்னாலேயே ஓடிவந்த செல்வகுமார் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் திகைப்பு. அடுத்து, அடக்கமுடியாத ஒரு சிரிப்பு. "அடிப்பாவி! நேத்து என்னிய ஊதச் சொன்னியே. இத ஊதச் சொல்லியிருந்தா மேட்டரு முடிஞ்சிருக்குமே!"

அவள் துணியின் முனையைப் பிடித்தாள். "இரு, இரு!" என்று கையைப் பிடித்தான் அவன். "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். உங்க அக்கா வரட்டும். மூடியத் தொறந்து அவங்க மூஞ்ச உள்ள வுட்டு மூந்து பாக்கச் சொல்றேன். இல்லன்னா ஆயுசுக்கும் என்னிய நம்பமாட்டாங்க!"

மூச்சு வாங்க வந்து சேர்ந்த பவித்ரா அதைக் கேட்டுவிட்டாள். "எடுத்துட்டா சாயங்காலத்துக்குள்ள வாடை போயிடும்ணா, அது நிஜம். காத்து கிடைச்சதும் பாதியைக் காத்து அடிச்சுட்டுப் போகும். மீதிய அதுங்களே தின்னுடும்."

"எத? சாராயத்தயா?" என்றாள் நாகவல்லி.

"ஆமாக்கா. மூச்சு முட்டினப்போ தானே காய்ச்சின சாராயத்தை, மூச்சு வந்ததும் தானே தின்னு வளரும்."

நாகவல்லி புருஷன் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அவள் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். ராத்திரி தூங்காத கண்கள். கையில் வெளுத்துப்போன அம்மன் கயிறு.

"அக்கா மூக்கு எதுக்கு உனக்கு? எம் மூக்கு பத்தாதா?" என்று சொல்லிவிட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். துணி கிழிந்துகொண்டு கையோடு வந்தது. செல்வகுமார் குழாயைத் திருப்பி வலையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினான். சந்தனம் கரைந்து ஓடியது.

புளோயரின் குரல் மாறியது. அதுவரை அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது, இப்போது நெஞ்சு நிறைய இழுத்தது. கொட்டகைக்குள் டேங்க் அதிர்ந்தது. அடியிலிருந்து பல்லாயிரம் குமிழிகள் கிளம்பி மேலேறும் கொதிப்பு இரும்புச் சுவரைத் தாண்டிக் கேட்டது. மேலேயிருந்த போக்குக் குழாய் வழியாகக் கள்ளுக்கடையைத் திறந்துவிட்ட மாதிரி வாடை புறப்பட்டுத் தொழிற்பேட்டை முழுக்கப் பரவியது. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா அண்ணாத்தே, உள்ள பார்ட்டியா? நம்மளக் கூப்பிடல?" என்றான்.

அன்றைக்கு நாகவல்லிக்கு வேலையில் கை ஓடவில்லை. கிடைத்த சாக்கில் எல்லாம் பின்பக்கம் போய் ஏணியில் ஏறி முகர்ந்தாள். சாப்பாட்டு வேளையில் வாடை கண்ணைக் கரித்தது. டீ வேளையில் பாதியாகியிருந்தது. வேலை முடியும் நேரத்தில் மூடியைத் திறந்தால் ஈரமான மாவு வாசனை மட்டும்தான் வந்தது. சாராயம் போன இடம் தெரியவில்லை.

"இப்போ பாருங்க" என்று பவித்ரா அவளை மறுபடி மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தாள்.

காலையில் தனித்தனியாக மிதந்த மணிகள் இப்போது தனியாக இல்லை. தோளில் ஒரு மொட்டு. இடுப்பில் ஒரு மொட்டு. சில மொட்டுகள் கடுகளவு, சில பிரியத் தயாராக. காலையில் ஒரு சொட்டுக்குள் ஒரு மெட்ராஸ். சாயங்காலம் அந்த மெட்ராஸில் பாதி வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகள். சத்தமில்லை, வலியில்லை, மருத்துவச்சி இல்லை. கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். அவள் கண்ணை எடுக்கவே இல்லை. கண்ணில் நீர் கோத்துப் படம் கலங்கிய பிறகுதான் எழுந்தாள்.

கேட்டில் யுவராணி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். தங்கையையும் அவள் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த செல்வகுமாரையும் பார்த்ததும் புயலாக வந்து அவன் சட்டையைப் பிடித்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"இன்னாடி, ஒண்ணும் நாத்தமே இல்லியே?"

"இருந்துச்சுக்கா. அதுங்களே தின்னுடுச்சுங்க."

"எதுங்க?"

நாகவல்லி துணிப்பையைச் செல்வகுமாரின் வண்டியில் மாட்டினாள். யுவராணி அந்தப் பையையும் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப நான் இன்னாத்துக்குடி முகப்பேர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்?"

"வாங்கக்கா, டீ குடிச்சிட்டு ஊட்டுக்குப் போலாம்" என்றான் செல்வகுமார், ரொம்ப மரியாதையாக.

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்தான். நாகவல்லி பன்னைப் பிய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை நடுவழியில் நின்றது. உள்ளே, பஞ்சு மாதிரி, சின்னதும் பெரியதுமாக எத்தனை துளைகள்! பிறந்ததிலிருந்து தின்கிற பன். இந்தத் துளைகளை அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் அவை விட்ட மூச்சு. மாவுக்குள் மூச்சு விட்டு, மாவைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடுப்புச் சூட்டில் அடங்கிப்போயிருக்கின்றன.

தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி பன்ன இப்படிப் பாக்கற, புழு கீதா?" என்று யுவராணி தன் பன்னையும் அவசரமாகப் பிய்த்துப் பார்த்தாள்.

"ஊர் கீதுக்கா" என்றாள் நாகவல்லி. தன் பாதியில் பெரிய துண்டாகப் பார்த்துப் பிய்த்துச் செல்வகுமாரிடம் நீட்டினாள்.